‘பத்து போ்’ எங்கிருந்து வந்தார்கள்? – வாசகர் கேள்வியும் பதிலும்

சொந்த இணையதளத்தைப் பிரித்துக் கட்டுவது, குறிப்புகளைக் கணினியில் சேர்ப்பது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். ஒரே மாதிரி கேட்டிருந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

வணக்கம் ஐயா. 2009 முதல் 2017 வரை கூகுளின் இலவச வலைப்பூச் சேவையான பிளாகரில் எழுதிய 340 பதிவுகள் இருக்கின்றன. 2011-லேயே சொந்த டொமைன் (இணைய முகவரி) வாங்கி அதில் இணைத்துவிட்டேன். இப்போது எல்லாவற்றையும் வெளியே எடுத்து எனக்கென்று ஒரு தளமாக அமைக்க ஆசை. மகன், ‘முதலில் நல்ல டிசைன் ஒன்று பாரும்மா’ என்கிறான். எங்கிருந்து தொடங்குவது?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியை, தஞ்சாவூர்

மகன் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, டிசைனைக் கடைசியில் பாருங்கள் அம்மா. டிசைனில் கை வைத்தால் மூன்று வாரம் நிறம் பார்த்தே போய்விடும். 340 பதிவும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

முதல் வேலை, பிளாகர் அமைப்புகளுக்குள் போய் பேக்கப் எடுப்பது. ஒரே கோப்பாக எல்லாப் பதிவுகளும், பின்னூட்டங்களும், வெளியிடாமல் விட்ட வரைவுகளும் வந்துவிடும். படங்கள் மட்டும் வராது. அந்தக் கோப்பில் படத்தின் முகவரிதான் இருக்கும். படம் கூகுளின் சர்வரிலேயே கிடக்கும். அதனால் படங்களைத் தனியே இறக்க வேண்டும். பட முகவரியின் நடுவில் ‘எஸ்320’, ‘எஸ்1600’ என்பதுபோல் ஒரு துண்டு வரும். அது அளவு. அதை ‘எஸ்0’ என்று மாற்றி இறக்கினால் நீங்கள் ஏற்றிய முழு அளவுப் படம் கிடைக்கும். இதைக் கவனிக்காமல் தபால்தலை அளவுப் படங்களை இறக்கி வைத்துக்கொண்டவர்கள் நிறைய.

இரண்டாவது, பதிவுகளின் முகவரிகளை எல்லாம் ஒரு பட்டியலாக எழுதி வைப்பது. தமிழ்த் தலைப்பிலிருந்து பிளாகருக்கு முகவரி உண்டாக்கத் தெரியாது. ஆண்டு, மாதம், அதன்பின் ‘பிளாக்-போஸ்ட்’, ஓர் அடிக்கோடு, ஓர் எண் என்று போட்டிருக்கும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனாலும் மாற்றாதீர்கள். பத்து ஆண்டுகளாக யார் யாரோ அந்த லிங்க்கைத்தான் தங்கள் பக்கங்களில் கொடுத்திருக்கிறார்கள். டொமைன் உங்களுடையது என்பதால் புதிய தளத்திலும் அதே பாதையில் அதே பதிவை வைக்க முடியும். உரைக்கோப்புகளிலிருந்து தளத்தைக் கட்டித் தரும் ஜெக்கில், ஹியூகோ போன்ற மென்பொருள்களில் இதற்கு வழி உண்டு: ஜெக்கிலில் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ‘பெர்மாலிங்க்’ என்ற வரி, ஹியூகோவில் ‘யூஆர்எல்’ என்ற வரி. அதில் பழைய பாதையை எழுதிவிட்டால் முடிந்தது. கைப்பேசியில் பார்த்தவர்கள் பகிர்ந்த லிங்க்கின் கடைசியில் கேள்விக்குறியோடு ‘எம்=1’ என்று ஒட்டியிருக்கும். அது தொந்தரவு தராது. பாதையை மாற்றியே தீர வேண்டும் என்றால், நிரந்தர மாற்றத்தைச் சொல்லும் 301 குறியீட்டோடு திருப்பிவிடுங்கள். 302 என்பது ‘தற்காலிகமாக வேறிடம்’ என்று பொருள். தேடுபொறி பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கும்.

மூன்றாவதுதான் மாற்றம். ‘பேன்டாக்’ என்ற இலவச மென்பொருள், பதிவின் எச்டிஎம்எல்லை (வலைப்பக்கம் எழுதும் குறிமொழி) மார்க்டவுன் என்ற எளிய குறிகள் கொண்ட உரைக்கோப்பாக்கும். 340-ஐயும் ஒரே மூச்சில் மாற்றாமல் முதலில் பத்தை மாற்றிப் பாருங்கள். அந்தப் பத்தில் ஒரு கவிதை, படமுள்ள ஒரு பதிவு, வேர்டில் எழுதி ஒட்டிய ஒரு பதிவு கட்டாயம் இருக்கட்டும். ஏனென்றால் மூன்றும் மூன்று விதமாகச் சொதப்பும். வேர்டிலிருந்து வந்ததில் பயனில்லாத குறிகள் மண்டிக் கிடக்கும். கவிதையில் வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும்: மார்க்டவுனுக்கு ஒற்றை வரிமாற்றம் கணக்கில்லை, வரியின் இறுதியில் இரண்டு இடைவெளியோ ஒரு பின்சாய்கோடோ (\; ஜெக்கிலில் இரண்டு) வேண்டும். இடைவெளியை நம்பாதீர்கள். சேமிக்கும்போது வரியிறுதி இடைவெளிகளைத் துடைத்துவிடும் எடிட்டர்கள் பல. வெண்பா உரைநடை ஆகிவிடும். பின்சாய்கோடே பத்திரம்.

இன்னும் இரண்டு பொறிகள். பத்தியின் தொடக்கத்தில் நான்கு இடைவெளி விட்டு எழுதும் பழக்கம் உள்ளவர்களின் பத்தி, சாம்பல் பெட்டிக்குள் நிரல்போல் தெரியும். ‘1998. அந்த ஆண்டுதான்…’ என்று பத்தி தொடங்கினால் அது எண்ணிட்ட பட்டியலாகிவிடும்; எண்ணுக்கும் புள்ளிக்கும் நடுவே ஒரு பின்சாய்கோடு போட்டால் சரி.

எல்லாம் தயாரானதும், டொமைனைத் திருப்புவதற்கு முந்தின நாளே டிஎன்எஸ்ஸில் (டொமைன் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவேடு) ‘டிடிஎல்’ மதிப்பை, அதாவது பழைய விவரத்தை மற்றக் கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 300 விநாடியாகக் குறைத்துவிடுங்கள். ஏதாவது பிசகினால் சில நிமிடங்களில் பழைய நிலைக்குத் திரும்பலாம். பிளாகர் வலைப்பூவை அழிக்காதீர்கள். அதில் உங்கள் டொமைன் அமைப்பும் அப்படியே இருக்கட்டும். பழைய பிளாக்ஸ்பாட் முகவரிக்கு வருகிறவர்களை அது இங்கே அனுப்பும். நடுவில் ‘வேறு தளத்துக்குப் போகிறீர்கள், சம்மதமா’ என்று ஒரு பக்கம் வந்து நிற்கலாம். வரட்டும்.

என்னிடம் 2001 தொடக்கம் 2005 வரை எழுதின கட்டுரைகள் பழைய எழுத்துருவில் கிடக்கின்றன. சில பாமினி, சில எதுவென்றே தெரியவில்லை. இன்றைய பொதுக் குறியாக்கமான யுனிகோடுக்கு மாற்றிப் பார்த்தேன். ‘பத்து பேர்’ என்பது ‘பத்து போ்’ என்று வருகிறது. ‘பெரிய’ என்பது ‘பொிய’ என்று வருகிறது. ஏன் இப்படி?
– கட்டுரையாளர், யாழ்ப்பாணம்

முதலில் எதுவென்று கண்டுபிடிக்கும் வழி. கோப்பைச் சாதாரண நோட்பேடில் திறவுங்கள். ‘தமிழ்’ என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் தெரிந்தால் அது பாமினி. தலையில் குடையும் கீழே வாலும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் யுனிகோடுக்கு முந்தைய வேறு குறியாக்கங்களான திஸ்கியாகவோ, டாப், டாம் வகையாகவோ இருக்கும். மாற்றியில் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தால் ஒன்றில் தமிழ் வந்துவிடும். என்எச்எம் கன்வர்ட்டர், பொங்குதமிழ் இரண்டும் இந்த வேலைக்கு நெடுநாளாகப் புழங்குபவை.

பாமினியில் ஒரு சங்கடம் உண்டு. அது ஆங்கில எழுத்துகள் இருக்கும் இடத்திலேயே தமிழை உட்கார வைத்தது. கட்டுரையின் நடுவில் ஆங்கிலச் சொல் இருந்தால் வேர்டில் அதற்கு மட்டும் வேறு எழுத்துரு கொடுத்திருப்பீர்கள். வெறும் உரையாக்கி மாற்றியில் போட்டால் அந்த வேறுபாடு போய்விடும். ஆங்கிலச் சொல்லும் ஏதோ தமிழ்க் குப்பையாக வெளிவரும். ஆகவே வேர்டில் இருக்கும்போதே ஆங்கிலச் சொற்களைத் தேடி, இருபக்கமும் ஓர் அடையாளம் போட்டுவிட்டு மாற்றுங்கள். திஸ்கியில் இந்தத் தொல்லை இல்லை. அதில் ஆங்கிலம் அதனிடத்திலேயே இருந்தது.

இனி ‘போ்’ கதை. தட்டச்சுப் பொறிக் காலத்தில் ‘ர்’ அடிக்கத் துணைக்காலை அடித்து மேலே புள்ளி வைப்பது வழக்கம். தாளில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பழைய எழுத்துருக்களிலும், தட்டச்சு விசைப்பலகையிலும் அதே கைப்பழக்கம் தொடர்ந்தது. கண்ணுக்கு ‘அவர்’, கணினிக்கு அது அ, வ, துணைக்கால், புள்ளி, அதாவது ‘அவா்’. தேடினால் அகப்படாது. ‘பேர்’ இன்னும் மோசம். ப, இரட்டைக்கொம்பு, துணைக்கால், புள்ளி என்று வரிசையாக வரும்போது, இரட்டைக்கொம்பும் துணைக்காலும் சேர்ந்தால் ஓகாரக் குறிதானே? கணினி அவ்விரண்டையும் ஒட்டி ‘போ’ ஆக்கி, அதன்மேல் புள்ளியை வைத்துவிடுகிறது. ‘தேர்தல்’ ‘தோ்தல்’ ஆவதும், ‘புதுச்சேரி’ ‘புதுச்சோி’ ஆவதும் இப்படித்தான்.

நல்ல வேளையாக, தமிழில் ஓர் உயிர்க்குறிக்கு அடுத்து இன்னொரு குறியோ புள்ளியோ முறைப்படி வரவே வராது. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம். முதலில் உரையை ‘என்எஃப்சி’ என்ற ஒழுங்குக்குக் கொண்டுவாருங்கள். அது கொம்பும் காலும் தனித்தனியாக இருந்தால் ஒரே குறியாக்கும். பிறகு நோட்பேட்++, விஎஸ் கோடு போன்ற உரை எடிட்டர் ஒன்றில் ஒன்பது மாற்றங்கள். ‘ா்’ என்பதை ‘ர்’ ஆக்குங்கள், ‘ாி’ ‘ரி’ ஆகட்டும், ‘ாீ’ ‘ரீ’ ஆகட்டும். அதே மூன்றை ஓகாரக் குறிக்கும் செய்யுங்கள்: ‘ோ்’ என்பது ‘ேர்’, ‘ோி’ என்பது ‘ேரி’, ‘ோீ’ என்பது ‘ேரீ’. ஒகரக் குறிக்கும் அதேபோல ‘ெர்’, ‘ெரி’, ‘ெரீ’. ‘பொிய’, ‘தொியும்’ எல்லாம் இந்தக் கடைசி மூன்றில் சரியாகிவிடும். வேர்டில் இதைச் செய்ய வேண்டாம். தனிக் குறியைத் தேடச் சொன்னால் அது சில நேரம் முரண்டு பிடிக்கும்.

இதே உற்சாகத்தில் ஔகாரத்தில் கை வைத்துவிடாதீர்கள். ‘கௌரவம்’ என்பதைக் கொம்பும் ளகரமுமாகக் ‘கெளரவம்’ என்று அடித்திருப்பார்கள். அதைத் திருத்த எல்லா ‘ெள’வையும் மாற்றினால் ‘தெளிவு’ம் ‘வெள்ளை’யும் சிதைந்துபோகும். இது ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை.

தமிழிலேயே டொமைன், அதாவது டாட் இந்தியா, எடுக்கலாமா?
– மாணவர், கோவை

எடுக்கலாம், இரண்டாவதாக. சில செயலிகளில் ஒட்டினால் அது ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் புரியாத எழுத்துவரிசையாக மாறித் தெரியும். அந்த முகவரியில் மின்னஞ்சல் வைத்துக்கொண்டால் பல படிவங்கள் ‘தவறான முகவரி’ என்று திருப்பி அனுப்பும். ஆங்கில எழுத்தில் ஒன்றை முதன்மையாக வைத்து, தமிழ் டொமைனை அதற்குத் திருப்பிவிடுங்கள். டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் வைத்திருப்போருக்கும் இதுவே.

பதிவின் முகவரியைத் தமிழில் வைத்தேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அரைப் பக்கத்துக்குச் சதவீதக் குறியும் எண்ணுமாக வருகிறது. பார்ப்பவர்கள் வைரஸ் என்று பயந்து தொடுவதில்லை!
– சித்த மருத்துவர், திருநெல்வேலி

யுனிகோடு எழுத்தைக் கணினி சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். முகவரியில் ஒரு பைட்டை எழுத மூன்று இடம் வேண்டும், ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்தும். ஆக ஒரு குறிக்கு ஒன்பது இடம். ‘குறிப்பு’ நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினிக்கு க, கீழ்விலங்கு, ற, மேல்விலங்கு, ப, புள்ளி, ப, கீழ்விலங்கு என எட்டுக் குறி. எட்டு ஒன்பது எழுபத்திரண்டு! ஒரே சொல்லுக்கு இவ்வளவு என்றால் ஐந்து சொல் தலைப்புக்கு எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

தலைப்பு தமிழில் இருக்கட்டும். முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல்லாக, சிறிய எழுத்தில், நடுவே இணைப்புக்கோட்டோடு வையுங்கள். ‘ழ’வுக்கு எந்த எழுத்து என்ற சண்டைக்குள் போக வேண்டாம், ஒன்றை முடிவு செய்துகொண்டு தளம் முழுக்க அதையே எழுதுங்கள். ஏற்கெனவே பகிர்ந்த தமிழ் முகவரிகளைப் புதியதற்கு 301 கொடுத்துத் திருப்ப மறக்காதீர்கள்.

கைப்பேசியில் கூகுள் கீப், வாட்ஸ்அப்பில் எனக்கு நானே அனுப்பிய செய்திகள், பழைய டைரிகள் என்று குறிப்புகள் ஆயிரத்துக்கு மேல். எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். எந்தச் செயலி நல்லது?
– வேளாண் அலுவலர், தேனி

செயலியை விடுங்கள். குறிப்பு எந்த வடிவில் இருக்கிறது என்பதைப் பாருங்கள். ஒரு குறிப்புக்கு ஒரு உரைக்கோப்பு, எல்லாம் ஒரே ஃபோல்டரில். இதைத் திறக்க அப்சிடியன் போதும், லாக்சீக் போதும், வெறும் நோட்பேடும் போதும். செயலி மூடப்பட்டாலும் கட்டணம் ஏற்றினாலும் கோப்பு உங்களிடம். ‘ஏற்றுமதி செய்யலாம்’ என்று சொல்லும் செயலியை நம்புவதற்கு முன் பத்துக் குறிப்பை ஏற்றுமதி செய்து, அதில் படம், தேதி, குறிச்சொல் மூன்றும் வருகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். தேதிதான் பெரும்பாலும் தொலையும். எல்லாக் குறிப்பும் ஏற்றுமதி செய்த நாளில் பிறந்ததாகக் காட்டும்.

கீப்பிலிருந்து எடுக்க, கூகுளில் உள்ள நம் தரவை இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட். ஒவ்வொரு குறிப்பும் எச்டிஎம்எல்லாகவும் ஜேசான் என்ற தரவுக்கோப்பாகவும் இரட்டையாக வரும். எழுதிய தேதி ஜேசானில் இருக்கிறது, அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் அந்த உரையாடலை மட்டும் ‘எக்ஸ்போர்ட்’ செய்தால் ஒரே உரைக்கோப்பு வரும். அதை அறுத்துத் துண்டுபோட வேண்டியதில்லை. அப்படியே ஒரு கோப்பாக வைத்து, தேடும்போது அகப்படும் துண்டை மட்டும் தனிக் குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்தையும் வகைபிரிக்க உட்கார்ந்தால் நூறாவதில் சலித்துவிடும். அதோடு அந்த ஆயிரத்தில் முக்கால்வாசி மளிகைப் பட்டியலும் பாஸ்புக் எண்ணுமாகத்தான் இருக்கும். டைரிகளைப் படம் எடுத்துத் தேதியோடு பெயரிட்டால் போதும். கையெழுத்தைக் கணினி படித்துவிடும் என்று நம்பிப் பிழை திருத்த உட்கார்வதைவிட, வேண்டிய பக்கத்தைக் குரலில் வாசித்து ஏற்றுவது வேகம்; நிறுத்தக்குறிகளை மட்டும் பிறகு போட வேண்டியிருக்கும்.

பெயர் வைக்கும் முறையைத்தான் முதல் நாளே முடிவு செய்ய வேண்டும். ஜெர்மன் சமூகவியலாளர் நிக்லஸ் லூமன் ஏறத்தாழ 90,000 அட்டைகளில் குறிப்பு எழுதி வைத்தார். பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் அவை இருக்கின்றன. அவருடைய முறையைப் பற்றி ஊர்ப்பட்ட பேச்சு நடக்கிறது. நமக்கு வேண்டியது ஒன்றுதான்: ஓர் அட்டைக்கு ஒருமுறை கொடுத்த எண்ணை அவர் மாற்றவில்லை. மற்ற அட்டைகள் அந்த எண்ணைச் சொல்லித்தான் அதை அழைத்தன. கோப்புப் பெயரை ஆண்டு, மாதம், நாள், மணி என்று எண்ணில் தொடங்குங்கள்: 20250306-0915. அதன்பின் இரண்டு மூன்று சொல். எண்ணில் தொடங்கினால் வரிசையும் தானாக வந்துவிடும்.

பெயரில் கேள்விக்குறி, முக்காற்புள்ளி (:), இரட்டை மேற்கோள்குறி, சாய்கோடு வேண்டாம். லினக்ஸில் சில ஓடும். விண்டோஸ் அந்தக் கோப்பை ஏற்கவே ஏற்காது, கருவிகளுக்கிடையே நடக்கும் ஒத்திசைவு (சிங்க்) அங்கே சத்தமில்லாமல் நின்றுவிடும். நீளமும் கவனம்: லினக்ஸில் பெயருக்கு 255 பைட்தான் இடம். ஆங்கிலத்தில் 255 எழுத்து. தமிழில் மூன்றால் வகுத்தால் 85 குறி. மெய்யும் உயிர்மெய்யும் கலந்து எழுதினால் ஐம்பது சொச்சம் எழுத்திலேயே தீர்ந்துவிடும்.

குறிப்புகளில் ‘வீடு’ என்று தேடினால் ‘வீட்டில்’, ‘வீட்டுக்கு’ என்று எழுதியவை வருவதில்லை. தமிழில் தேடவே முடியாதா?
– மொழிபெயர்ப்பாளர், புதுச்சேரி

முடியும். எழுத்தாக நினைக்காமல் குறியாக நினைத்துத் தேட வேண்டும். ‘வீடு’ என்பது வ, நெடில் குறி, ட, கீழ்விலங்கு. ‘வீட்டில்’ என்பதில் ட-வை அடுத்து வருவது புள்ளி. இரண்டுக்கும் பொது ‘வீட’ வரைதான். ஆகவே ‘வீட’ என்று மட்டும் தேடுங்கள். வீடு, வீடுகள், வீட்டார் எல்லாம் வந்து நிற்கும். ‘ஆறு’, ‘ஆற்றில்’ இரண்டும் வேண்டுமா, ‘ஆற’. ‘மரம்’, ‘மரத்தடி’, ‘மரங்கள்’ வேண்டுமா, ‘மர’. கூடவே மரபும் மரணமும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். முழுச்சொல் மட்டும் தேடும் தெரிவு ஒன்று செயலியில் இருக்கும், அதை அணைத்து வையுங்கள்.

வினைச்சொல்லில் இந்த வித்தை பாதி வேலைதான் செய்யும். ‘செய்’ சரி, ‘வா’ என்று தேடி ‘வந்தான்’ கிடைக்காது. முக்கியமான குறிப்புகளின் கடைசி வரியில் மூன்று நான்கு வேர்ச்சொற்களை எழுதி வைப்பதுதான் வழி.

இருந்தும் அகப்படாவிட்டால், கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகலக் குறி உள்ளே இருக்கலாம். இணையத்திலிருந்து வெட்டி ஒட்டியதில் அது சகஜம். ‘ஸ்ரீ’ இன்னொரு மாயம். ஸகரத்தில் எழுதியது ‘ஸ்ரீ’, ஶகரத்தில் எழுதியது ‘ஶ்ரீ’. ஶகரம் 2005-இல்தான் யுனிகோடில் சேர்ந்தது, அதனால் இரண்டும் புழக்கத்தில் உண்டு. பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சாக ஒன்றே. ‘ஸ்ரீரங்கம்’ பற்றிய குறிப்பு காணவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் ஒரே குறிப்பைத் திருத்துகிறேன். சில நாட்களில் ஒரே பெயரில் இரண்டு கோப்பு வந்து நிற்கிறது. எதை அழிப்பது?
– கல்லூரி ஆசிரியர், மதுரை

எதையும் உடனே அழிக்காதீர்கள். ஒரு கருவி இணையத்தில் இல்லாத நேரத்தில் இரண்டிலும் திருத்தியிருக்கிறீர்கள். எது உண்மை என்று ஒத்திசைவு மென்பொருளுக்குத் தெரியவில்லை. சிங்க்திங் என்ற மென்பொருள் என்றால் ‘சிங்க்-கான்ஃபிளிக்ட்’ என்று தேதியோடு ஒட்டி ஒரு நகலை வைக்கும். விஎஸ் கோடில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, விடுபட்ட வரியை எடுத்துக்கொண்டு பிறகு அழியுங்கள். நாள் முழுக்கச் சேர்க்கும் ஒரே நீளக் கோப்பில்தான் இது அதிகம் வரும். கைப்பேசியில் எப்போதும் புதிய கோப்பு, திருத்தம் கணினியில் மட்டும் என்று பிரித்துக்கொண்டால் ஏறக்குறைய நின்றுவிடும்.

ஒத்திசைவை பேக்கப் என்று நினைத்துவிட வேண்டாம். ஒன்றில் தவறி அழித்தால் மற்றதிலும் அழிப்பதுதான் அதன் வேலை. பேக்கப் என்றால் மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஒரு ஃபோல்டரை மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள்.

நள்ளிரவு தாண்டி எழுதி ஏற்றும் பதிவு தளத்தில் வருவதில்லை. காலையில் வேறெதையோ ஏற்றினால் அதுவும் சேர்ந்து வருகிறது. பேயா?
– கணக்காளர், சேலம்

பேய் இல்லை, ஐந்தரை மணி நேரம். தேதி மட்டும் எழுதி நேரமண்டலம் சொல்லாவிட்டால், தளத்தைக் கட்டும் கணினி அதை உலகப் பொது நேரத்தின் நள்ளிரவு என்று எடுத்துக்கொள்கிறது. நமக்கு அது காலை 5.30. இரவு ஒரு மணிக்கு நீங்கள் ஏற்றும்போது அது ‘எதிர்காலப் பதிவு’. ஜெக்கில், ஹியூகோ இரண்டுமே இயல்பாக எதிர்காலப் பதிவை விட்டுவிடும். 5.30 ஆனதும் தானாகவும் வராது, யாராவது மறுபடி கட்ட வேண்டும். அமைப்புக் கோப்பில் நேரமண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று கொடுங்கள், அல்லது தேதியோடு நேரத்தையும் ‘+0530’ என்பதையும் எழுதுங்கள்.

தளம் மொத்தமும் கட்டப்படாமல் நின்றுவிடுகிறது என்று வேறு மூவர் எழுதியிருந்தார்கள். கோப்பின் தலைப்பு வரியில் முக்காற்புள்ளி இருக்கிறதா பாருங்கள். ‘காவிரி: ஒரு நினைவு’ என்பதை மேற்கோளுக்குள் போடாவிட்டால், காவிரியைத் தனிப் புலம் என்று எண்ணிக் குழம்பும். மேற்கோள் நேரானதாக இருக்க வேண்டும். கைப்பேசி போடும் வளைந்த மேற்கோள் செல்லாது. டேப் விசையும் அங்கே ஆகாது.

தமிழ் எழுத்து என் தளத்தில் நெருக்கியடித்துக்கொண்டு தெரிகிறது. இருபக்கமும் நேராக்கினால் நடுவில் ஓட்டை ஓட்டையாக விழுகிறது.
– ஓவியர், சென்னை

நேராக்காதீர்கள். ‘எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ போன்ற ஒரு சொல் வரியில் இடம்பெறாமல் கீழே போனால், மிச்சமுள்ள மூன்று சொல்லை இழுத்துப் பரப்பத்தான் செய்யும். கைப்பேசியில் அது பல் விழுந்த வாய். இடப்பக்கம் மட்டும் நேராக விடுங்கள். வரி உயரம் 1.7, ஆங்கிலத்துக்கு வைக்கும் 1.4 இங்கே மேல்விலங்கும் கீழ்விலங்கும் முட்டிக்கொள்ள வைக்கும். எழுத்தளவு 18 பிக்சல், கணினித் திரையில் வரிக்கு ஏழு முதல் ஒன்பது சொல். எழுத்து இடைவெளியைக் கூட்டுவது தமிழுக்கு வேண்டாத அலங்காரம். பக்கத்தின் மொழி தமிழ் என்று எச்டிஎம்எல்லின் தொடக்கத்திலேயே குறித்துவிடுங்கள். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதைப் பார்த்துத்தான் தமிழ்க் குரலை எடுக்கும்.

நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர் எல்லாம் இலவசம். ஒன்றே ஒன்று, இரண்டு தடிமன். ஐந்து எழுத்துரு ஏற்றினால் கிராமத்து நெட்வொர்க்கில் பக்கம் வெள்ளையாக நிற்கும்.

கணினியில் தெரியும் படங்கள் தளத்தில் ஏற்றியதும் உடைந்து தெரிகின்றன. பெயர் சரியாகத்தான் இருக்கிறது.
– புகைப்படக்காரர், கன்னியாகுமரி

கேமரா ‘ஜேபிஜி’யைப் பெரிய எழுத்தில் வைத்திருக்கும், பதிவில் நீங்கள் சிறிய எழுத்தில் எழுதியிருப்பீர்கள். விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் சர்வர் இரண்டையும் வேறு வேறு கோப்பாகப் பார்க்கும். பெயர்களை எல்லாம் சிறிய ஆங்கில எழுத்துக்கு மாற்றிவிடுங்கள். பழைய மேக்கில் தமிழில் ‘கொடைக்கானல்’ என்று பெயரிட்டிருந்தால் அது கொம்பையும் காலையும் பிரித்துச் சேமிக்கும். சர்வரில் கண்ணுக்கு ஒன்றாகவும் பொருத்தத்தில் வேறாகவும் இருக்கும்.

ஏற்றும் முன் அகலத்தை 1600 பிக்சலுக்குக் குறையுங்கள். தளத்தை இலவசமாக வைக்க உதவும் கிட்ஹப் பேஜஸ் மாதிரி இடங்களில் தளம் மொத்தம் 1 ஜிபியைத் தாண்டக் கூடாது. கைப்பேசிப் படத்துக்குள் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் எண் ஒளிந்திருக்கும். வீட்டில் எடுத்த படம் என்றால் எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளைக் கொண்டு அதைத் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

வயது எழுபத்தாறு. எனக்குப் பின் இந்தத் தளம் என்னவாகும்?
– ஓய்வுபெற்ற பொறியாளர், திருச்சி

டொமைன் கட்டணம் நிற்கும் நாளிலிருந்து நாள் எண்ணத் தொடங்கலாம் ஐயா. டாட் காம் என்றால், காலாவதிக்குப் பின் விற்பனையாளரைப் பொறுத்து அதிகபட்சம் 45 நாள் சலுகை. அடுத்த 30 நாள் கூடுதல் அபராதம் கட்டி மீட்கலாம். பிறகு ஐந்து நாள், அதோடு யார் வேண்டுமானாலும் வாங்கலாம். நல்ல தமிழ்த் தளங்களின் முகவரியில் இன்று சூதாட்ட விளம்பரம் ஓடுவது இப்படிக் கைமாறிய பின்னால் நடப்பதுதான்.

ஒரே தடவையில் பத்து ஆண்டு வரை கட்டி வைக்கலாம். விற்பனையாளரிடம் கொடுத்திருக்கும் மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் போனால் மின்னஞ்சலும் போகும், மீட்கச் சொல்லி வரும் கடிதம் உங்களுக்கு வந்தே சேராது. வீட்டில் ஒருவருக்கு அந்தக் கணக்கின் பெயர், கட்டணத் தேதி, இரண்டாம் கட்டக் கடவுச்சொல் எந்தக் கைப்பேசிக்கு வருகிறது என்ற மூன்றையும் தாளில் எழுதிக் கொடுங்கள். அந்தக் கைப்பேசி எண்ணைப் பிள்ளைகள் ரத்து செய்துவிட்டால் மற்ற இரண்டும் தெரிந்தும் பயனில்லை.

வலைப்பக்கங்களின் நகலைக் காத்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் ‘பக்கத்தைச் சேமி’ என்ற பெட்டி இருக்கிறது. முகப்பை மட்டும் கொடுத்துவிட்டு எல்லாம் சேர்ந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள்; ஒவ்வொரு பதிவின் முகவரியாகக் கொடுங்கள், தஞ்சாவூர் அம்மாவுக்குச் சொன்ன அந்த முகவரிப் பட்டியல் இங்கேயும் உதவும். நாளுக்கு இருபது வீதம் போட்டால் கை வலிக்காது.